போய்ப் பாரும்

நான் கற்ற தொழிலின் முதல் பாடம் எட்டு நிறங்கள். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். இந்த ஒழுங்கில் வலையமைப்புக் கேபிளின் கம்பிகளைப் பிரித்து, க்ரோன் டூலால் சுவர்ச் சொக்கெற்றுக்குள் அடித்து இறக்க வேண்டும். சோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கக் கூடாது. முதல் நாள் நான் அடித்த ஆறு சொக்கெற்றுகளையும் அண்ணை வெட்டி எறிந்தார்.

"இது கந்தோர் இல்லைத் தம்பி, ஆசுபத்திரி. இதில ஒரு வயர் கழண்டா, அதைத் திருத்த ஒரு நோயாளியின்ர கட்டிலை நகத்த வேணும். அவருக்கு என்ன வருத்தமோ தெரியாது. திரும்ப அடியும்."

அது 2005ஆம் ஆண்டு இலையுதிர் காலம். இங்கிலாந்தில் ஒரு பொது வைத்தியசாலையின் கணினிப் பிரிவில் பயிலுநராகச் சேர்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்துவிட்டு வந்து, பகலில் பெற்றோல் செற்றில் வேலையும் இரவில் வலையமைப்புப் படிப்புமாக நான்கு வருடம் ஓட்டிய பிறகு கிடைத்த வேலை. எனக்குத் தொழில் பழக்க நியமிக்கப்பட்டவர் எங்கள் ஊர்க்காரராக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எண்பத்து மூன்றுக்கு முன் இலங்கைத் தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் கேபிள் இணைக்கும் வேலை செய்தவர். அந்த ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, தொலைபேசிப் பரிவர்த்தனைப் பலகையில் தொடங்கி, கணினி வலையமைப்புக்கு மாறியவர். கந்தோரில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. முதல் நாளே அண்ணை என்றேன், அதுவே நிலைத்தது.

படிப்பில் சொல்லித்தராத எவ்வளவோ ஒரு வைத்தியசாலைக் கட்டடத்தில் இருந்தது. கேபிள் இழுக்கக் கூரைத் தட்டைத் தூக்க வேண்டும். ஆனால் பழைய கட்டடங்களில் கூரைக்கு மேல் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அதற்கென்று ஒரு பதிவேடு உண்டு. அதைப் பார்த்து, அனுமதிச் சீட்டு வாங்காமல் ஏணியில் கால் வைக்கக் கூடாது. புற்றுநோய் வார்டு என்றால் அஸ்பெஸ்டஸ் இல்லாவிட்டாலும் தட்டைத் தூக்க முடியாது. மேலிருந்து விழும் தூசியில் இருக்கும் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி இழந்து படுத்திருப்பவரின் நுரையீரலுக்குப் போய்விடும். எக்ஸ்ரே அறைச் சுவர்களில் ஈயத்தகடு. அதற்குள் வைஃபை போகாது. இதையெல்லாம் ஒரு கட்டடம் கட்டடமாக நடத்திக் காட்டித்தான் அண்ணை சொல்லித்தந்தார். நடக்கும்போது கையில் ஒரு தடித்த கொப்பி வைத்திருப்பார். எந்தச் சொக்கெற், எந்த அலுமாரிக்குப் போகிறது, அதில் என்ன மெஷின் கொளுவியிருக்கிறது, எப்போது மாற்றியது என்று எல்லாம் தமிழும் ஆங்கிலமும் கலந்த அவருடைய சின்ன எழுத்தில் இருக்கும். இதே விபரம் கணினியிலும் இருந்தது. "அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்," என்பார்.

மூன்றாம் மாதம் ஓர் இரவு. சத்திரசிகிச்சை வார்டில் கணினிகள் நின்றுவிட்டன, தொலைபேசிகளும் போய்விட்டன, பக்கத்து வார்டும் இழுபடத் தொடங்கியது. நான் நிலக்கீழ் அறையில் ஸ்விட்சுக்கு முன்னால் நின்றேன். எல்லா விளக்குகளும் ஒரே சேரப் படபடத்துக்கொண்டிருந்தன. ஸ்விட்சை நிறுத்திப் போடுவோம் என்று கையை நீட்டினேன்.

"அதைத் தொடாதையும். முதல்ல மேல போய்ப் பாரும். பின்னேரத்தில இருந்து என்ன மாறினது எண்டு கேளும்."

மேலே போய்க் கேட்டேன். தாதிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நிலம் மினுக்க வந்தவர் மேசையை நகர்த்தியதாகச் சொன்னார். மேசைக்குப் பின்னால் குனிந்தபோது விளங்கியது. அங்கிருந்த தொலைபேசிக்குப் பின்னால் இரண்டு துளைகள்: ஒன்று சுவருக்கு, மற்றது கணினிக்கு. அவர் நல்ல மனதோடு, கழன்று கிடந்த இரண்டு வயர்களையும் சுவரிலேயே குத்தியிருந்தார். அனுப்பிய செய்தி ஒரு வயரால் போய் மறு வயரால் திரும்பி, பெருகிப் பெருகி முழு வார்டையும் அடைத்துவிட்டது. ஒன்றைக் கழற்றினேன். சில விநாடிகளில் எல்லாம் சரி. இப்படிச் சுழலாமல் தடுக்க ஸ்விட்சிலேயே ஓர் ஏற்பாடு உண்டு; அந்த அலுமாரியில் மட்டும் அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். அடுத்த இரண்டு வாரமும் வைத்தியசாலையில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் அதைச் சரிபார்க்கும் வேலையை அண்ணை என்னிடம் தந்தார்.

"போய்ப் பாரும்." எந்தக் கேள்விக்கும் அவருடைய முதல் பதில் அதுதான்.

நாங்கள் இப்படிக் கட்டடம் கட்டடமாக நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், முழு இங்கிலாந்துக்கும் சேர்த்து ஒரு பெரிய வேலை மேலே தொடங்கியிருந்தது. 2002 பெப்ரவரியில் டவுனிங் வீதியில் பிரதமர் ரொனி பிளேயர் கூட்டிய ஒரு கலந்துரையாடலில் இருந்து பிறந்த திட்டம் அது. நாட்டில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே மின்பதிவு, எந்த வைத்தியசாலையிலும் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. மயங்கிய நிலையில் கொண்டுவரப்படும் ஒருவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று தெரிந்தால் உயிர் தப்பும். ஆனால் அதைச் செய்த விதம் வேறு. நாட்டை ஐந்து வலயங்களாக வெட்டினார்கள். 2003 கடைசியிலும் 2004 தொடக்கத்திலுமாக, 620 கோடி பவுண் பெறுமதியான ஒப்பந்தங்களை அவசரமாக ஒப்பமிட்டார்கள். பத்து ஆண்டுகளில் மொத்தச் செலவு 1,240 கோடி பவுண் ஆகும் என்று 2006இல் தேசிய கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவெடுத்த இடத்துக்கும் அதைப் பாவிக்கப் போகும் வார்டுக்கும் இடையில் எத்தனையோ படிகள். எங்கள் பிரிவில் ஒருவரையும் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. "இது வருகிறது, ஆயத்தமாக இருங்கள்" என்ற கடிதம்தான் வந்தது.

எல்லா இடங்களையும் இணைக்க என்3 என்ற வலையமைப்பும் அப்போதுதான் போடப்பட்டது. 2004இல் கைச்சாத்தானது, ஏழு ஆண்டுகளுக்கு 53 கோடி பவுண். நியாயமாகச் சொல்ல வேண்டும்: என்3 வேலை செய்தது. ஊர்க்கோடியில் உள்ள குடும்ப வைத்தியருக்கும் அதனால்தான் வேகமான இணைப்புப் போனது. எங்களுக்கு வலித்தது வேறு. அதற்கு முன் புதிய இணைப்பு வேண்டுமென்றால், அண்ணை தொலைபேசியை எடுத்து நேரே ஒழுங்கு செய்வார். இப்போது மத்தியில் உள்ள ஒரு பட்டியலில் இருந்து மட்டுமே எடுக்கலாம்; விண்ணப்பம் மூன்று கந்தோர்களைத் தாண்ட வேண்டும். மூன்று மைல் தொலைவில் நாங்கள் திறந்த ஒரு கிளினிக்குக்கு இணைப்பு வர ஐந்து மாதம் எடுத்தது. அதுவரை நோயாளிகளின் கோப்புகளை ஒவ்வொரு காலையும் வானில் ஏற்றிக் கொண்டுபோய், மாலையில் திருப்பிக் கொண்டுவந்தோம். வானைச் சில நாட்கள் நானும் ஓட்டினேன். பின்னால் பெட்டிகளில் இருப்பது முந்நூறு பேருடைய நோய்கள் என்ற நினைவு வளைவுகளில் வந்து போகும்.

2006 ஏப்ரலில் 23 கல்வியாளர்கள், இந்தத் திட்டத்தைச் சுயாதீனமான தொழில்நுட்ப ஆய்வுக்கு உட்படுத்துங்கள் என்று பாராளுமன்றக் குழுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அண்ணை அதை அச்சடித்துத் தேநீர் அறையில் ஒட்டினார். அதே ஆண்டு யூலைக் கடைசியில் வேறொரு வலயத்தில் ஒரு தரவு மையம் செயலிழந்து, 80 சுகாதார அமைப்புகள் நாட்கணக்கில் நோயாளர் பதிவு இல்லாமல் தவித்தன. எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் வைத்துவிட்டு, மாற்று ஏற்பாட்டையும் ஒழுங்காகப் பரீட்சித்துப் பார்க்காவிட்டால் இதுதான் நடக்கும். அன்று அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் ஜெனரேற்றரை நிறுத்தி, இயக்கி, எத்தனை விநாடியில் மின்சாரம் மாறுகிறது என்று பார்க்க வைத்தார்.

புதிய முறைமையின் ஒரு பகுதி எங்களிடம் வந்ததும், தாதிகளுக்கும் வைத்தியர்களுக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட் அட்டை கொடுக்கப்பட்டது. அட்டையைச் செருகி, இரகசிய எண்ணை அடித்து உள்ளே போக வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நாட்களில் முறைப்பாடு வந்தது: அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவருடைய அட்டையே முழு இரவும் செருகிக் கிடக்கிறது, எல்லாரும் அதிலேயே வேலை செய்கிறார்கள். இது ஒழுக்க மீறல். யார் பார்த்தார், யார் எழுதினார் என்ற கணக்கே பிழைத்துவிடும். ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று மேலிடத்தில் பேச்சு.

அண்ணை என்னிடம் ஒரு கொப்பியையும் ஒரு நிறுத்தற் கடிகாரத்தையும் தந்தார். "வெள்ளிக்கிழமை இரவு அங்க போய் இரும். ஒருத்தரையும் கேள்வி கேக்காதையும். எத்தினை தரம் உள்ள போயினம், எவ்வளவு நேரம் எடுக்குது, எழுதிக்கொண்டு வாரும்."

என் வாழ்க்கையில் நான் அதிகம் கற்ற இரவு அது. மூலையில் ஒரு கதிரை. இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. ஒருவர் நெஞ்சுவலியோடு, ஒரு பிள்ளை கொப்புளித்த கையோடு, குடித்துவிட்டு நெற்றி வெடித்த இருவர். பொறுப்பாக இருந்த தாதி கேரளத்துப் பெண்மணி. கட்டிலுக்கும் கணினிக்கும் இடையில் அவர் நடந்த நடையை நான் எண்ணவில்லை. உள்ளே போனதை மட்டும் எண்ணினேன். அவருடைய பணி முடியுமுன் 43 தடவைகள். அட்டையைச் செருகியதில் இருந்து திரை வரும் வரை சராசரியாக 70 விநாடிகள். ஓர் இரவில் ஐம்பது நிமிடம், ஒரு தாதி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு மணிக்கு மேல் மூச்சுத்திணறலோடு ஒரு முதியவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாதி அட்டையைச் செருகினார், காத்திருந்தார், பின்பு அதை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலுக்கு ஓடினார். பிறகு அந்த அட்டை விடியும் வரை அங்கேயே இருந்தது. அதை ஒழுக்க மீறல் என்று எழுத என் கை வரவில்லை.

கொப்பியை அண்ணை கூட்டத்துக்குக் கொண்டுபோனார். ஒப்பந்தக்காரரின் பிரதிநிதி மரியாதையாகவே பதில் சொன்னாராம்: உள்நுழைய எடுக்கும் நேரம் ஒப்பந்தத்தில் அளவுகோலாக இல்லை, மாற்ற வேண்டுமென்றால் மாற்றக் கோரிக்கை கொடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம், தீர்மானிப்பது மத்தியில். கோரிக்கை கொடுத்தோம். நான் அறிய அதற்குப் பதில் வரவே இல்லை.

ஆனால் அண்ணை அதோடு விடவில்லை. 70 விநாடியில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு எங்களுடையது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு வாரம் எடுத்தது. பாதிக்குக் கிட்ட எங்களுடையதுதான். ஒவ்வொருவருடைய கோப்புறையும் முழுதாகச் சேர்வரில் இருந்து இறங்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்துக்குப் போன இணைப்போ பழைய செம்புக் கேபிள். பக்கத்துக் குழாயில் பாவிக்காமல் கிடந்த ஒளியிழை இரண்டைத் தேடிப் பிடித்து இணைத்தோம், கோப்புறைகளைச் சுருக்கினோம். 70 என்பது 38 ஆனது. அடுத்த வெள்ளி இரவு நான் மறுபடி போய் எண்ணினேன். அட்டைகள் எடுக்கப்பட்டன. எல்லா நேரமும் இல்லை, பெரும்பாலும்.

அதே தேசியத் திட்டத்தில் நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கான் படங்களை ஃபிலிமில் இல்லாமல் திரையில் பார்க்கும் பாக்ஸ் முறைமை. 2007 முடியுமுன் இங்கிலாந்தின் எல்லா வைத்தியசாலைகளுக்கும் அது வந்துவிட்டது. அது ஏன் வென்றது என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. அதைக் கதிரியக்க வைத்தியர்களே ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபிலிம் தொலைந்து, சத்திரசிகிச்சை தள்ளிப்போன அனுபவம் எல்லாருக்கும் இருந்தது. எங்களைக் கூப்பிட்டு, ஒரு ஸ்கான் இத்தனை நூறு மெகாபைற், வாசிக்கும் அறைக்கு இத்தனை விநாடியில் வர வேண்டும் என்று சொன்னார்கள். நாங்கள் அதற்கேற்றபடி முதுகெலும்பு இணைப்பை மாற்றினோம். முதல் படம் திரையில் விரிந்தபோது ஒரு மூத்த வைத்தியர் எங்கள் இருவருக்கும் கை தந்தார்.

பெரிய மின்பதிவு மட்டும் வரவில்லை. ஒப்பந்தக்காரர்களில் ஒன்றான அக்சென்ச்சர் 2006இல் விலகியது. 2008இல் மற்றொன்றான ஃபுஜிற்சுவின் ஒப்பந்தம் முறிந்தது. 2011 மே மாதம், அந்தப் பதிவு முறைமைகளுக்கு அதுவரை செலவான 270 கோடி பவுணும் பணத்துக்கேற்ற பயனைத் தரவில்லை என்று கணக்காய்வு அலுவலகம் அறிவித்தது. செப்ரெம்பரில் திட்டத்தைக் கலைப்பதாக அரசு சொன்னது. 2013இல் பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழு போட்ட கணக்கில் மொத்தச் செலவு 980 கோடி பவுண். அண்ணை 2011 கடைசியில் ஓய்வு பெற்றார். போகும்போது பதினொரு கொப்பிகளையும் என் மேசையில் அடுக்கி வைத்தார்.

அந்தக் கொப்பிகள் 2017 மே 12, வெள்ளிக்கிழமை தேவைப்பட்டன. பிற்பகலில் செய்தி வந்தது: வைத்தியசாலைகளில் கணினிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் சிவப்புத் திரை வருகிறது. அந்தத் தீநிரலின் பெயர் வன்னாக்ரை. என்3 வழியாகவும் அது பரவுகிறது என்றதும் எங்கள் வெளி இணைப்பைப் பிடுங்கினோம்; பின்பு சேர்வர்களையும் நிறுத்தினோம். அப்போதுதான் எங்கள் வலையமைப்பு விபரம் முழுவதும் நிறுத்திய சேர்வரில் இருப்பது உறைத்தது. பழைய விண்டோஸில் ஓடும் மெஷின்கள் எந்தெந்தச் சொக்கெற்றில் இருக்கின்றன? கொப்பிகளைத் திறந்தோம். அண்ணை போன பிறகும் நான் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். இரவு பதினொரு மணிக்குள் ஒவ்வொன்றையும் கையாலே கழற்றி முடித்தோம். தொற்று எங்களுக்குள் வரவில்லை. ஆனாலும் கிளினிக்குகள் நின்றன.

இங்கிலாந்தின் 236 பொதுச் சுகாதார ட்ரஸ்டுகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டதாகக் கணக்காய்வு அறிக்கை சொன்னது. 595 குடும்ப வைத்திய நிலையங்களுக்கும் தொற்றியது. சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் தடைப்பட்டன. மைக்ரோசொப்ட் இதற்கான திருத்தத்தை மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது, நீங்கள் ஏன் போடவில்லை என்று பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்விதான். எங்கள் ஆய்வுகூடக் கணினிகளில் அது போடப்படாமல் இருந்தது உண்மை. ஆய்வுகூடத்தை இரண்டு மணித்தியாலம் நிறுத்த ஒரு நாளும் ஒத்துவரவில்லை. ஸ்கான் மெஷினில் நாங்களாகக் கை வைத்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் போய்விடும். மாற்றுவதற்குப் பணம் கேட்டால், 2014 தொடக்கம் ஐந்து ஆண்டுகளில் கட்டடத்துக்கும் கருவிக்கும் என்று ஒதுக்கிய 430 கோடி பவுணை அன்றாடச் செலவுக்குத் திருப்பிவிட்டார்கள். இது அந்த வேலையில் இருக்காதவர்களுக்குத் தெரியாது.

பணம் வராவிட்டாலும் அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன. 2018க்குள் கடதாசியே இல்லாத சுகாதார சேவை என்று 2013இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் சொன்னார். 2021 முடியுமுன் பேஜர்களை ஒழிப்போம் என்று 2019இல் அவருக்குப் பின் வந்த அமைச்சர் மற் ஹன்கொக் சொன்னார். பேஜர் பழையதுதான். ஆனால் ஈயச் சுவருக்குப் பின்னாலும் நிலக்கீழ்ச் சத்திரசிகிச்சை அறையிலும் அது அடிக்கும். அதை எடுப்பதென்றால் முதலில் ஒவ்வொரு மூலைக்கும் வைஃபை போக வேண்டும். நான் ஆறு வாரம் நடந்து அளந்து, 41 இருட்டு மூலைகளைக் குறித்துக் கொடுத்தேன். அறிவிப்பு வந்த ஆண்டில் அதற்கு ஒரு பவுணும் வரவில்லை.

மேலிடத்தின் பெயர்ப்பலகை எத்தனை தடவை மாறிவிட்டது! அந்தத் தேசியத் திட்டத்தை நடத்திய கனெக்ற்றிங் ஃபோர் ஹெல்த் 2013இல் மூடப்பட்டது. பின்பு வந்த என்.எச்.எஸ். டிஜிற்றல், என்.எச்.எஸ்.எக்ஸ் இரண்டும் சுகாதார சேவையின் தலைமை அமைப்பான என்.எச்.எஸ். இங்கிலாந்துக்குள் கரைந்தன. அதையே கலைப்பதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். என்3 இடத்தில் 2017 முதல் வேறு வலையமைப்பு. அதில் பல நிறுவனங்களில் ஒன்றை நாங்களே தெரிவு செய்யலாம். எங்கள் கட்டணம் குறைந்தது. அண்ணையிடம் தொலைபேசியில் சொன்னபோது, "இதை அப்பவே செய்திருக்கலாம்," என்றார்.

இப்போது என்னிடம் இரண்டு பயிலுநர்கள். இருவருக்கும் முதல் மாதம் எட்டு நிறங்கள், அஸ்பெஸ்டஸ் பதிவேடு, அதன் பிறகு கொப்பியும் கடிகாரமும் கொடுத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் இரவு. கொப்பிகள் பத்தொன்பது ஆகிவிட்டன.

எங்கள் பிள்ளைகள் பலர் இன்று லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சென்னையிலும் வைத்தியசாலைகளுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்களில் இருக்கிறார்கள். சிலர் வாங்கும் பக்கத்து மேசையிலும் இருக்கிறார்கள். இதை வாசிப்பவர் அவர்களில் ஒருவரானால் ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுமுன், அதைப் பாவிக்கப் போகும் வார்டில் ஓர் இரவு இருந்து எண்ணிவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை இரவென்றால் நல்லது. அன்றுதான் கூட்டம் அதிகம்.